கடைக்கு ஆத்மா உண்டா?

ஒருவன் தன் வீட்டு முன்னறையில் நான்கு மூட்டைச் சரக்கை இறக்கி, வாசலில் பெயர்ப் பலகை ஒன்றை மாட்டி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்து வியாபாரத்தைத் தொடங்கிவிட்டால், அந்தக் கணத்தில் உலகத்தில் புதிதாக ஏதேனும் ஒன்று பிறந்துவிடுகிறதா, அல்லது நேற்றுவரை சும்மா இருந்த மனிதன் இன்று தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லையா என்ற வினா, முதற்பார்வைக்குக் குழந்தைத்தனமாகத் தோன்றினாலும், 'நான்' என்றும் 'எனது' என்றும் நம் சாஸ்திரங்கள் பிரித்துப் பேசுகிற விவகாரம் முழுவதையும் தனக்குள் அடக்கிக்கொண்டிருப்பது. மடங்களிலும் வித்வத் சபைகளிலும் இந்த வினா எழுவதைக் காட்டிலும் அதிகமாக, வங்கிகளில் நடப்புக் கணக்குத் தொடங்க வருகிறவர்களுக்கென்று போட்டிருக்கும் மேஜையின் முன்னால்தான் தினந்தோறும் எழுகிறது என்பது என் எண்ணம். அங்கே அதை யாரும் தத்துவம் என்று அழைப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தின் இரண்டாவது பக்கம் என்றுதான் அழைக்கிறார்கள்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் அப்பளம் இட்டு விற்கும் ஓர் அம்மாள் அப்படி ஒரு மேஜையின் முன் உட்கார்ந்திருந்ததை நான் அருகே இருந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் பையிலிருந்து பான் அட்டை, ஆதார் அட்டை, 'உத்யம்' பதிவுச் சான்று, உள்ளாட்சி மன்றம் தந்த வியாபார உரிமம், கடைப் பலகை தெரியும்படி எடுத்த ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்தார். அப்பளத்துக்கு வரி விலக்கு இருப்பதால் ஜி.எஸ்.டி. சான்று அவரிடம் இல்லை. கடையின் பெயரில் வேறு இரண்டு சான்றுகள் இருந்ததால் மேலாளரும் அதை வற்புறுத்தவில்லை. எல்லாம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான், "உரிமையாளர் பேர் என்னம்மா?" என்று அவர் கேட்டார். "கோமதி அம்மன்" என்றார் அந்த அம்மாள். "அது கடைப் பேரும்மா. கடை யாருதுன்னு கேக்கறேன்." "அவளுதுதான் சார். நான் பாத்துக்கிடுதேன், அவ்வளவுதான்." மேலாளர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். "அவ வந்து கையெழுத்துப் போட மாட்டாளே அம்மா, நீங்கதானே போடணும்" என்று சொல்லி, கடைப் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்ற சொல் அமைந்த ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொண்டு மறுநாள் வரும்படி அனுப்பிவைத்தார்.

மேலாளர் விதியைச் சொன்னார், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த அம்மாளின் பதில் பேதைமை என்று தள்ளிவிடத் தக்கதும் அன்று. ஏனெனில் கோயிலில் பிரதிஷ்டையான மூர்த்தி நம் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். நிலம் வைத்திருக்கலாம்; வங்கியில் கணக்கு வைத்திருக்கலாம்; தன் சொத்தை அபகரித்தவன்மீது வழக்குத் தொடுக்கலாம்; தானே கையெழுத்திட இயலாதாகையால், பருவம் எய்தாத பிள்ளையின் காரியத்தைப் பெரியவர்கள் கவனிப்பதுபோல, தர்மகர்த்தாவோ செயல் அலுவலரோ அந்த மூர்த்தியின் சார்பில் காரியம் பார்க்கிறார். கல்கத்தாவிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு குலதெய்வ வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1925ஆம் ஆண்டில் இந்தத் தத்துவத்தை ஐயத்துக்கிடமின்றி ஒப்புக்கொண்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, தஞ்சைத் தரணியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கடல் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜரைத் திரும்பப் பெறுவதற்காக நடந்த வழக்கில், பூஜை நின்று பாழடைந்து கிடந்த கோயிலும் வழக்காடத் தகுதியுடைய ஒரு நபரே என்று ஆங்கிலேய நீதிபதிகளே 1991இல் ஏற்றுக்கொள்ள, ஆடவல்லான் தமிழகம் மீண்டான். கருங்கல்லுக்கும் ஐம்பொன்னுக்கும் மட்டுமா இந்தப் பேறு? நால்வர் கூடிப் பதிவு செய்துகொண்ட கம்பெனிக்கும் உண்டு. தோல் காலணி செய்து விற்ற சாலமன் என்ற லண்டன் வியாபாரி, தன் மனைவியையும் ஐந்து மக்களையும் ஆளுக்கொரு பங்குக்கு உரியவர்களாகச் சேர்த்துக்கொண்டு தன் கடையையே ஒரு கம்பெனியாக்கினபோது, அந்தக் கம்பெனி அவரினின்றும் வேறான ஒரு நபர் என்று பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது.

ஆக, தெய்வத்துக்கு 'நான்' உண்டு. கம்பெனிக்கு 'நான்' உண்டு. ஒற்றை ஆளாக நின்று அப்பளம் இடுகிறவளின் கடைக்கு மட்டும் அது இல்லை. அவள் சொந்தச் சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்த அதே பான் எண்ணைத்தான் கடையின் கணக்குக்கும் கொடுக்க வேண்டும். கடையின் கடன்காரன் அவள் கழுத்துச் சங்கிலியைக் கேட்கலாம். அவள் மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவன் கடையின் உளுந்து மூட்டையைக் கேட்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை இங்கே இருப்பது அத்வைதம்: கடையும் அவளும் ஒன்றே, வேறாகக் காண்பது மாயை.

கணக்குச் சாஸ்திரமோ இதை ஒப்புவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே கற்பிக்கப்படுவது, வணிகம் வேறு, வணிகர் வேறு என்பதுதான். அந்த அம்மாள் தன் நகையை அடகு வைத்துக் கடையில் போட்ட இருபதாயிரம் ரூபாய் கடையின் புத்தகத்தில் சொத்தாக எழுதப்படுவதோடு நில்லாமல், கடை அவளுக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகவும் எழுதப்படுகிறது. முதல் போட்டவள் தன் கடைக்கே கடன் கொடுத்தவளாகிறாள். வீட்டுச் செலவுக்கு அவள் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் 'எடுப்பு' என்ற தலைப்பில் ஏறி, அந்தக் கடனைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஒருத்தியையே இருவராக்கி, அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கலையும் ஏற்படுத்தி, வருஷ முடிவில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஐந்தொகை எடுத்துக் காட்டுகிற இந்த வித்தை, துவைத சித்தாந்தம் கண்ட பெரியோர்களையும் சற்றுத் திகைக்க வைக்கும்.

இந்த இரண்டு சித்தாந்தங்களுக்கும் நடுவில்தான் நடப்புக் கணக்கு இருக்கிறது. கம்பெனி நடத்துகிறவன் கம்பெனிப் பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் கேட்பதற்குத் தணிக்கையாளர் உண்டு, பங்குதாரர் உண்டு, சட்டம் உண்டு. கோயில் பணத்தைத் தொட்டால் கேட்பதற்கு அறநிலையத் துறை உண்டு. அதற்கும் மேலே கேட்பவன் உண்டு என்ற அச்சமும் உண்டு. ஒற்றை உரிமையாளருக்கு இவை எவையும் இல்லை. அவள் காலையில் கடைக் கணக்கிலிருந்து பேரனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினாலும், மாலையில் மளிகைக் கடைக்காரனுக்குக் கைபேசியாலேயே அனுப்பினாலும், அதைக் குற்றம் என்று சொல்ல உலகத்தில் எந்த நீதிமன்றமும் இல்லை. தன் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டாள், அவ்வளவே. அப்படியிருந்தும் அவள் கடையையும் வீட்டையும் வேறு வேறாக வைத்துக்கொள்வாளாயின், மாதப் பிறப்பன்று ஒரு தொகையைச் சம்பளம்போலத் தன் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு எஞ்சியதைக் கடைக்கென்றே விட்டுவைப்பாளாயின், அந்தப் பிரிவினை சட்டத்தினால் வந்ததன்று, நிர்ப்பந்தத்தினால் வந்ததன்று, சங்கற்பத்தினால் வந்தது. சங்கற்பத்தினால் ஒன்றை மேற்கொண்டு, காண்பார் இல்லாத இடத்திலும் அதைக் காப்பதைத்தான் நம்மவர்கள் விரதம் என்று சொல்லி வந்தார்கள். ஏகாதசியன்று பட்டினி கிடப்பதை மதம் என்று ஒப்புக்கொள்ளும் நாம், கல்லாவில் கை வைக்காமல் இருப்பதை வெறும் சிக்கனம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமன்று.

கல்லாப் பெட்டி இருந்த காலத்தில் இந்த விரதம் இன்னும் கடினமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அழுக்கேறிய மரப்பெட்டியில் கடைப் பணமும் வீட்டுப் பணமும் கோயில் வரிப் பணமும் ஒன்றாகக் கிடக்கும். யாருடைய ரூபாய் எது என்று ரூபாயைப் பார்த்துச் சொல்ல இயலாது. வங்கிக் கணக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் நாளும் பெயரும் கொடுத்துவிட்டது. இப்போது அந்த அம்மாளின் கடையில் கியூ.ஆர். அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு பெட்டி, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. அந்தப் பணம் தன் கையில் அகப்படாமல் நேரே வங்கிக்குப் போய்விடுகிறது என்பதே அவருக்கு முதலில் மனக்குறையாக இருந்ததாம். ராத்திரி எண்ணிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே என்றார். எண்ணிப் பார்ப்பதில் உள்ள சந்தோஷம் உடைமையின் சந்தோஷம். அது போன பிறகு எஞ்சுவது பொறுப்பு மட்டுமே. காந்தியடிகள் செல்வர்களை நோக்கித் தர்மகர்த்தாக்களாக இருங்கள் என்று வேண்டியபோது, அதற்கு ஆதாரமாக ஈசோபநிஷத்தின் முதல் மந்திரத்தையே காட்டினார். செல்வர்கள் அதைக் கேட்டுத் தலையசைத்ததோடு சரி. பெரும் செல்வத்தை விட்டுப் பிடிப்பது எளிதன்று. நாற்பது ரூபாய் நாற்பது ரூபாயாக வருகிற இடத்தில்தான் அந்த உபதேசம் கைக்கு எட்டும் அளவில் இருக்கிறது போலும்.

விருதுநகரிலிருந்து உளுந்தம்பருப்பு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு அந்த அம்மாள் காசோலை எழுதுவதைப் பார்ப்பது ஓர் அநுஷ்டானத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். முதலில் இடது மூலையில் இரண்டு கோடுகள், பிறகு பெயர், பிறகு தொகை, எண்ணாலும் எழுத்தாலும், 'மட்டும்' என்ற முடிவுச் சொல்லுடன், கடைசியில் முத்திரையைக் குத்தி, அதற்குள் கையெழுத்து. அடிக்கட்டையிலும் எழுதிக்கொண்ட பிறகே தாளைக் கிழிப்பார். இந்தத் தாளில் பணம் இல்லை. இருப்பது ஒரு வாக்கு. அதைப் பெறுகிறவன் மூன்று மாதத்துக்குள் வங்கியில் செலுத்திப் பணம் இல்லை என்று திரும்பி வந்தால், 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தில் 1988இல் சேர்க்கப்பட்ட 138ஆவது பிரிவின்படி, முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள்ளும் பணம் வராவிட்டால் வழக்குத் தொடுக்கலாம். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டுமே. வாய்வார்த்தையாகக் கைமாற்று வாங்கி ஏமாற்றுகிறவன் சிவில் கோர்ட்டில் பல ஆண்டுகள் இழுத்தடிக்கலாம்; எழுதிக் கொடுத்தவன் சிறைக்கே போக நேரும். வாய்ச்சொல்லைவிட எழுத்துக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. பின்தேதியிட்ட காசோலைகளை ஆறும் ஏழுமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வர இருக்கும் விற்பனையை நம்பி உறங்கச் செல்கிற வியாபாரிகளைக் காணும்போது, நாளை என்பது நம் வசத்தில் இல்லை என்று ஓயாமல் சொல்லிவந்த நம் பெரியோர்கள் இந்தக் காசோலைப் புத்தகத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தோன்றுகிறது.

கணக்கில் போட்ட பணமாவது அவளுடையதா? அதுவும் இல்லை. வங்கியில் செலுத்திய அக்கணமே அந்தப் பணம் வங்கியின் பணமாகிவிடுகிறது, செலுத்தியவருக்கு எஞ்சுவது அத்தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை ஒன்றே என்பது 1848ஆம் ஆண்டு முதல் நிலைபெற்ற நியாயம். அவள் புத்தகத்தில் வங்கி கடனாளி. வங்கியின் பேரேட்டில் அவள் கடன் கொடுத்தவள். நடுவில் இருக்கிறதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பணத்தைத் தேடிப் போனால் எங்கும் காணோம். அதற்கு வட்டியும் இல்லை. நடப்புக் கணக்குக்கு வட்டி கொடுப்பது ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குப் புறம்பு. வட்டி விலக்கப்பட்டதாகையால், சேமிப்புக் கணக்கைத் தவிர்த்து நடப்புக் கணக்கிலேயே பணத்தை வைத்துக்கொள்ளும் முஸ்லிம் வணிகர்கள் உண்டு. அந்தப் பணத்தையும் வங்கி பிறருக்கு வட்டிக்கு விடத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கு அவர்கள் கூறும் பதில், தான் வாங்காத வரையில் தன் கை சுத்தம் என்பது. முழுமையான பதிலன்று, ஆனால் லௌகிகத்தில் இருந்துகொண்டு ஆசாரத்தைக் காப்பவன் எவனுக்கும் அதைவிட முழுமையான பதில் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதுவரை சொன்னதைக்கொண்டு, கடையைத் தன்னிலிருந்து பிரிப்பதே தர்மம் என்று யாரேனும் முடிவு கட்டுவார்களானால், அவசரப்பட்டவர்களாவார்கள். மேலே சொன்ன சாலமனின் கம்பெனி நொடித்தபோது, அவர் தம் கம்பெனிக்குக் கொடுத்திருந்த கடனுக்குப் பிணை எழுதி வாங்கியிருந்தார். ஆகவே சரக்குக் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு முன்னால், அவருக்கே முன்னுரிமை என்று ஆயிற்று. பிரிவினை அங்கே விரதமாக இல்லை, திரையாக இருந்தது. திரை இல்லாதவர்களும் யோக்கியர்களாக இருந்துவிடவில்லை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபரில் கதவைச் சாத்தியபோது, விதவைகளும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் சேர்த்து வைத்திருந்த பணமெல்லாம் போயிற்று. அது கூட்டு வியாபாரம், கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பு. இருந்தும், மற்றவர்களின் பணத்தைத் தம் பணமாகப் பாவித்த குற்றத்துக்குச் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தக் கசப்பிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், நகரத்தார் முதலீட்டுடன், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. நான் வேறு, கடை வேறு என்று சொல்லியும் மோசம் செய்யலாம். நானும் கடையும் ஒன்று என்று சொல்லியும் மோசம் செய்யலாம். கேள்வி, அந்தச் சொல் யாருக்கு முன்னால் சொல்லப்படுகிறது, கொடுக்கிறபோதா தப்பிக்கிறபோதா என்பதில் இருக்கிறது.

நம் வணிகர்கள் இந்தச் சிக்கலை வங்கிகள் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்பதற்கு மகமை என்ற ஏற்பாடே சாட்சி. மூட்டைக்கு இவ்வளவு, நூற்றுக்கு இவ்வளவு என்று கொள்வோரிடமிருந்தும் கொடுப்போரிடமிருந்தும் எடுத்து ஒதுக்கிய அந்தக் காசு, லாபம் கணக்கிட்ட பிறகு தர்மத்துக்கென்று கொடுக்கிற காசன்று; லாபம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, விற்ற கணத்திலேயே, தனியாக விழுந்துவிடுகிற காசு. விருதுநகர் நாடார்கள் அந்தக் காசினால் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். நகரத்தார் கடல் கடந்து சென்ற இடமெல்லாம், சிங்கப்பூரிலும் (1859) ரங்கூனிலும் பினாங்கிலும், கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே தண்டாயுதபாணிக்கும் ஓர் இடம் செய்தார்கள்; அவர்களுடைய பேரேடுகளில் முருகனுக்கும் ஒரு பற்று வரவு இருந்தது, மற்ற வாடிக்கைக்காரர்களுக்கு இருப்பதைப்போலவே.

அப்பளக்கார அம்மாளுக்கும் இந்த ஐயம் வந்தது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு அனுப்புகிற காணிக்கையைக் கடைக் கணக்கிலிருந்து அனுப்புவதா, சொந்தக் கணக்கிலிருந்தா? கணக்கு எழுதித் தருகிற பையன், "சொந்தக் கணக்கிலேருந்தே போடுங்க ஆச்சி, கடைச் செலவுல காட்ட முடியாது" என்றான். வருமான வரிச் சட்டப்படி அவன் சொன்னது சரி. தர்மப்படியும் சரி என்பதே என் எண்ணம். கொடுக்கிறவன் முதலில் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, பிறகு தன் கையால் இழந்தால்தான் அது தானம். ஆனால் மகமை அப்படிப்பட்டதன்று. அது ஒருநாளும் அவன் கைக்கு அவனுடையதாக வருவதே இல்லை. இந்த வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் கண்டது. ஹாத்ரஸ் நகரத்து நூற்பாலை ஒன்று தன் வாடிக்கைக்காரர்களிடம் விலையோடு சேர்த்துத் தர்மத்துக்கென்று வசூலித்து வந்த தொகையை ஆலையின் வருமானம் என்று வரித் துறை கூறியபோது, வாங்கும்போதே தர்மத்துக்கென்று விதிக்கப்பட்ட பணம் வியாபாரியின் வரவே ஆகாது என்று 1970களின் இறுதியில் தீர்ப்பாயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்கத்தாவில் ஏலம் விடும் நிறுவனம் ஒன்று வாடிக்கைக்காரர்களிடம் விற்பனை வரி என்று வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்டாமல் வைத்திருந்த தொகையைப் பற்றிய வழக்கில், அது வியாபாரியின் வரவுதான் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெய்வத்தின் பங்கு வணிகனுடையதாவதில்லை, அரசாங்கத்தின் பங்கோ வணிகனுடையதாகிவிடுகிறது என்ற இந்த வேடிக்கையை அந்தப் பையன் விளக்கிச் சொன்னபோது, ஆச்சி சிறிதும் ஆச்சரியப்படவில்லை. அப்பளக் கட்டுக்கு ஒரு ரூபாய் கூட்டி, அந்த ரூபாயை அம்மன் பேருக்கென்று பில்லிலேயே தனியாகப் போடலாமா என்றுதான் கேட்டார்.